பட்டம் ஆங்கிலத்தில், வாழ்க்கை சீனத்தில்

சீனப் பல்கலைக்கழகத்தில் சேரும் வெளிநாட்டு மாணவரின் முதல் வாரம் வகுப்பறையில் கழிவதில்லை, வரிசைகளில் கழிகிறது. நாட்டுக்குள் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் தங்கினால் விடுதி அலுவலகமே அதைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வீடு பிடித்தவர் பாஸ்போர்ட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். நீண்ட காலப் படிப்புக்குக் கொடுக்கும் எக்ஸ்1 விசா, உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனைச் சான்று தேவை: இரத்தம், மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி. என்று அறை அறையாகப் போய்வர வேண்டும். ஊரிலேயே பரிசோதித்து முத்திரையோடு கொண்டுவந்தவர்களும் சரிபார்ப்புக்காகப் பரிசோதனை மையத்தில் நிற்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 800 யுவான். பிறகு சிம் கார்டு, வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கை வீசாட், அலிபே செயலிகளோடு இணைக்கும் வேலை.

கடைசியாகச் சொன்னதுதான் மிக அவசரமானது. பழக்கடைக்காரரும் சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவரும் கியூஆர் குறியீட்டைத்தான் நீட்டுவார்கள். வகுப்பு அறை மாறினால் தகவல் வீசாட் குழுவில் வரும். வீட்டுப்பாடமும், விடுதியில் நாளை தண்ணீர் வராது என்ற அறிவிப்பும் அங்கேதான் வரும். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. இந்திய மாணவர்களுக்கு இதில் இரட்டைச் சிக்கல் உண்டு. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அம்மாவின் கைபேசியில் இருப்பது பிள்ளைக்குக் கிடைக்காது. பிள்ளையின் கைபேசியில் இருப்பது அம்மாவுக்குக் கிடைக்காது. வீட்டோடு எப்படிப் பேசுவது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டுப் போகிறவர்கள் முதல் மாதத்தை நிம்மதியாகக் கடக்கிறார்கள்.

வளாகத்துக்குள் நுழைந்துவிட்டால் அது மதில் கட்டிய ஒரு சிற்றூர். வங்கி, மருத்துவமனை, முடிதிருத்தகம், பழக்கடை, பார்சல் வாங்கும் கூடம், நாலைந்து உணவுக்கூடங்கள் எல்லாம் உள்ளேயே. காலை 8 மணிக்கு முதல் வகுப்பு. பதினொன்றரைக்கெல்லாம் மதிய உணவுக்குக் கூட்டம் கூடிவிடும். சாப்பிட்டவுடன் வளாகமே உறங்கப் போகும். இரண்டு மணி வரை அலுவலகக் கதவைத் தட்டிப் பயனில்லை. மாலை ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு தொடங்கும். இரவு எட்டரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போகும் தமிழ் வயிற்றுக்குப் பெரும்பாலும் மூடிய கதவுதான் கிடைக்கும். செப்டம்பரில் புதிதாகச் சேர்ந்த சீன மாணவர்கள் இராணுவப் பயிற்சிச் சீருடையில் திடலில் அணிவகுத்துக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. டிசம்பர் நெருங்கினால், முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் விடியும் முன்பே நூலக வாசலில் வரிசை கட்டுவார்கள். அந்த வரிசையைப் பார்த்த பிறகு தாமதமாக எழ யாருக்கும் மனம் வராது.

உணவுக்கூடத்தில் சைவர்களுக்குச் சிரமம்தான். டோஃபு என்று கேட்டு வாங்கினாலும் அதில் கொத்துக்கறி கலந்திருக்கும். கீரை வதக்கியது பன்றிக் கொழுப்பிலாக இருக்கும். தக்காளியும் முட்டையும் வதக்கிய ஒரு பொரியல் நாடு முழுக்க எல்லா உணவுக்கூடங்களிலும் உண்டு. முட்டை சாப்பிடும் வெளிநாட்டு மாணவர்கள் பலரும் முதல் மாதத்தை அதை வைத்தே ஓட்டுகிறார்கள். முஸ்லிம் மாணவர்களுக்காகப் பெரிய வளாகங்களில் தனி ஹலால் உணவுக்கூடம் இருக்கும். லான்ஜோ பாணியில் கையால் இழுத்துச் செய்யும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் அங்கே கிடைக்கும். நம்மவர்கள் கடைசியில் போய்ச் சேர்வது விடுதியின் பொதுச் சமையலறைக்குத்தான். கறிவேப்பிலை எளிதில் கிடைக்காது. சீரகமும் காய்ந்த மிளகாயும் தாராளமாகக் கிடைக்கும்.

குளிர் பற்றி ஒரு செய்தி. எந்த ஊரில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து குளிர்காலம் தலைகீழாக மாறும். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே நகர நிர்வாகமே குழாய் வழியாகக் கட்டடங்களுக்கு வெப்பம் அனுப்புகிறது. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அறைக்குள் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாம். கோட்டுக்குத் தெற்கே பெரும்பாலான ஊர்களில் அந்த ஏற்பாடு கிடையாது. வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும் பெய்ஜிங்கைவிட, 3 டிகிரி இருக்கும் வூஹானிலும் நான்ஜிங்கிலும் மாணவர்கள் அதிகம் நடுங்குவது இதனால்தான். தெற்கு என்றால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எண்ணிப் போர்வையைக் குறைத்துக்கொண்டு போகக் கூடாது.

இவை எல்லாம் பழகிவிடும். எளிதில் பழகாத ஒன்று, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் தனிக் கட்டடம்.

சீன மாணவர்கள் ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று இருப்பார்கள். மேலே கட்டில், கீழே மேசை. இரவு 11 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும் வளாகங்கள் உண்டு. வெளிநாட்டு மாணவர் விடுதியில் ஒருவர் அல்லது இருவருக்கு ஓர் அறை, பெரும்பாலும் இணைந்த குளியலறை. விருந்தினருக்கு நல்ல இடம் கொடுக்கும் எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது. அதன் விளைவு வேறு. ஒரே வளாகத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தும், ஒரு சீன மாணவரின் அறைக்குள் ஒரு முறைகூடக் கால்வைக்காமல் பட்டம் வாங்கித் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பும் தனி, பாடமொழியும் ஆங்கிலம் என்றால் பிரிவு முழுமையாகிவிடும். சீனாவில் படிப்பது பயனுள்ளதா என்று கேட்கிறவர்கள் கட்டணத்தையும் தரவரிசையையும் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றைவிடப் பெரிய கேள்வி இந்தப் பிரிவைத் தாண்டப் போகிறோமா இல்லையா என்பதே.

முதலில் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. சீனம் படிப்பதற்காகவே வந்தவர்கள் அவர்கள்.

சீன மக்கள் குடியரசு பிறப்பதற்கு முன்பே, 1947-இல், இந்திய அரசின் உதவித்தொகையில் ஒரு சிறு குழு பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதில் ஒருவர் வசந்த் பராஞ்சபே. 1954 அக்டோபரில் நேரு பெய்ஜிங் சென்று மாவோவைச் சந்தித்தபோது, இந்தியத் தரப்பின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர்தான். 1950-இல் புதிய அரசு ருமேனியா, போலந்து, ஹங்கேரி, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 33 மாணவர்களை வரவழைத்தது. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கென்று சீன மொழி வகுப்பு தொடங்கியது. 1952-இல் அது பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அந்த 33 பேரில் ஒருவரான ரோமுலஸ் புதுரா, பின்னாளில் ருமேனியத் தலைவர்களுக்கும் சீனத் தலைவர்களுக்கும் இடையே மொழிபெயர்த்தார். 1990-இல் பெய்ஜிங்குக்கே தூதராகத் திரும்பினார். அதே குழுவில் வந்த அன்னாவைத்தான் அவர் மணந்துகொண்டார். அன்னா சீன வரலாற்று ஆய்வாளர் ஆனார்.

வெளிநாட்டினருக்குச் சீனம் கற்பிப்பதற்காகவே 1962-இல் பெய்ஜிங்கில் ஒரு கல்வி நிலையம் உருவானது. இன்று அதன் பெயர் பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகம். கஜகஸ்தான் அதிபர் காசிம் ஜொமார்த் தொகாயெவ், இளம் சோவியத் தூதரக அதிகாரியாக 1983-இல் அங்கே மொழி படிக்க வந்தவர். எத்தியோப்பியாவின் அதிபராக 2013 முதல் 2018 வரை இருந்த முலாட்டு தெஷோமே, பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலிருந்து முனைவர் பட்டம் வரை படித்தவர். தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்ன் 2001-இல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு மாதம் சீனம் கற்றார். பதவி கிடைத்தது என்பதற்காக இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. இவர்கள் எல்லோரும் சீனத்தின் வழியாகச் சீனாவுக்குள் போனவர்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் கூடாது. 1960-இல் பெய்ஜிங் வந்த கானா நாட்டு மாணவர் இம்மானுவேல் ஹெவி, தனிமையையும் பாகுபாட்டையும் பொறுக்க முடியாமல் இரண்டே ஆண்டுகளில் வெளியேறினார். உடன் வந்த ஆப்பிரிக்க மாணவர்களில் பெரும்பாலோரும் அப்படியே கிளம்பிவிட்டார்கள். அந்த அனுபவத்தை 1963-இல் அவர் புத்தகமாக எழுதினார். 1966-இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கதவு மறுபடி முறையாகத் திறந்தது 1973-இல்.

இடையில் 1972-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்ட இரண்டே இரண்டு மேற்கத்திய மாணவிகளில் ஒருவர், கனடாவின் ஜான் வோங். சீன மாணவி அறைத்தோழியாக இருந்தார். தொழிற்சாலையில் வேலை, வயலில் வேலை, அரசியல் கூட்டம் எல்லாம் உண்டு. மாவோவின் கொள்கையில் அப்போது அவருக்கு முழு நம்பிக்கை. அமெரிக்கா போக உதவுவாயா என்று கேட்ட ஒரு சீன மாணவியை அவரே நிர்வாகத்திடம் காட்டிக்கொடுத்தார். அந்த மாணவி பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பத்திரிகையாளராகப் பெயர் பெற்றிருந்த ஜான் வோங் 2006-இல் பெய்ஜிங்குக்குப் போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்; அதைப் பற்றி மறைக்காமல் எழுதினார். 1975-இல் வந்த பிரிட்டிஷ் மாணவி பிரான்சிஸ் வுட், கையெறி குண்டு வீசும் பயிற்சி வரை பங்கெடுத்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் நூலகத்தின் சீனத் தொகுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த நெருக்கத்தில் ஆபத்தும் இருந்தது. ஆனாலும் சீனர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை அவர்கள் ஒரே அறையில் இருந்து பார்த்தார்கள்.

இன்று கணக்கு வேறு. 2010-இல் சீனக் கல்வி அமைச்சகம், 2020-க்குள் 5 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று இலக்கு வைத்தது. 2018-லேயே 4,92,185 பேர் வந்துவிட்டார்கள். 196 நாடுகள், 1,004 கல்வி நிலையங்கள். தென் கொரியாவிலிருந்து 50,600 பேர், தாய்லாந்திலிருந்து 28,608, பாகிஸ்தானிலிருந்து 28,023, இந்தியாவிலிருந்து 23,198. அமெரிக்கா இந்தியாவுக்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் மட்டும் 81,562 பேர். மொத்த வெளிநாட்டு மாணவர்களில் சீன அரசின் உதவித்தொகை பெற்றவர்கள் 63,041. மற்ற எல்லோரும், அதாவது எட்டில் ஏழு பேர், சொந்தச் செலவிலோ பிற உதவியிலோ படித்தவர்கள். சீனா எல்லோருக்கும் இலவசமாகப் படிப்புக் கொடுக்கிறது என்று ஊரில் உலவும் பேச்சுக்கு இந்த எண்ணே பதில்.

கிடைப்பவர்களுக்கு அந்த உதவித்தொகை தாராளமானதுதான். கல்விக் கட்டணம், விடுதி, காப்பீடு மூன்றும் அதில் அடங்கும். அதற்கு மேல் மாதச் செலவுக்கு இளங்கலை மாணவருக்கு 2,500 யுவான், முதுகலைக்கு 3,000, முனைவர் பட்ட மாணவருக்கு 3,500. வயது வரம்பு முறையே 25, 35, 40. தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிப் படிப்பு என்றால், தன்னை மாணவராக ஏற்கச் சம்மதிக்கும் பேராசிரியரின் கடிதம் கையில் இருப்பது பெரிய பலம். ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. படிப்பில் சறுக்கினால் தொகை நிற்கும்.

ஜூன் மாதம் கோடிக்கும் மேற்பட்ட சீனப் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். பள்ளிப் பருவம் முழுவதையும் அந்தத் தேர்வுக்காகவே கொடுத்தவர்கள் அவர்கள். அதை எழுதாமல் வந்த வெளிநாட்டவருக்கு உதவித்தொகையும் தனி அறையும் கிடைக்கும்போது அவர்களுக்கு மனத்தாங்கல் வராமல் இருக்காது. 2019-இல் ஷான்டோங் பல்கலைக்கழகம் ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருக்கும் மூன்று சீன மாணவர்களைப் படிப்புத் துணையாக இணைத்த திட்டம் இணையத்தில் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. இந்த மனக்கசப்பு புதிதல்ல: 1988 டிசம்பரில் நான்ஜிங்கின் ஹோஹாய் பல்கலைக்கழகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தின் வாசலில் தொடங்கிய தகராறு, ஆப்பிரிக்க மாணவர்களுக்கு எதிரான ஊர்வலங்களாக நகரம் முழுக்கப் பரவியது. நிறவெறியை நிறவெறி என்றே சொல்ல வேண்டும். தனித்தனியாக வைக்கப்பட்டவர்களுக்கு இடையே அது இன்னும் வேகமாக வளரும். சீன அரசே இதை உணர்ந்து, கடந்த சில ஆண்டுகளாக வெளிநாட்டு மாணவர்களையும் சீன மாணவர்களையும் ஒரே விதிகளின் கீழ் கொண்டுவரும் கொள்கையைப் பேசிவருகிறது.

இனி நம் வீடுகளை நேரடியாகத் தொடும் விஷயம்: எம்.பி.பி.எஸ்.

சீனாவில் படித்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களில் பலரும் அப்படித்தான். உள்ளூரில் அரசுக் கல்லூரி இடம் கிடைக்காது, தனியார் கல்லூரிக் கட்டணம் எட்டாது என்ற நிலையில், சில பத்தாயிரம் யுவான் ஆண்டுக் கட்டணத்தில் ஆறு ஆண்டுகளில் டாக்டர் என்று முகவர்கள் கொண்டுவந்த விளம்பரத்தை நடுத்தரக் குடும்பங்கள் நம்பின. நகையை விற்றும் கடன் வாங்கியும் அனுப்பின. அந்த விளம்பரத்தில் தவறாமல் இருக்கும் ஒரு வரி, முழுப் படிப்பும் ஆங்கிலத்தில் என்பது. பெற்றோரைச் சம்மதிக்க வைத்ததே அந்த வரிதான். பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தியதும் அதுதான்.

மருத்துவப் படிப்பின் முதல் பாதி புத்தகத்தில் இருக்கிறது. உடற்கூறியலையும் உயிர்வேதியியலையும் ஆங்கிலத்தில் படித்துவிடலாம், ஆசிரியரின் ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் புத்தகம் கைகொடுக்கும். இரண்டாம் பாதி நோயாளியின் படுக்கை அருகே நடக்கிறது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்க வேண்டும். நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கேஸ் ஷீட் சீனத்தில் இருக்கும். மருத்துவரும் செவிலியரும் பேசிக்கொள்வது சீனத்தில். மூன்று ஆண்டுகள் சீனத்தைத் தட்டிக்கழித்த மாணவர் அந்த வார்டில் சுவரோரம் நிற்க மட்டுமே முடியும். ஓரளவு மாண்டரின் கற்றவருக்கும் சோதனை உண்டு. வென்ஜோ மருத்துவப் பல்கலைக்கழகம் இந்திய மாணவர்களுக்குப் பழக்கமான இடம். அந்த ஊர்ப் பேச்சு சீனாவின் மற்றப் பகுதிச் சீனர்களுக்கே புரியாது என்று பெயர் பெற்றது. வயதான நோயாளி ஒருவர் அந்தப் பேச்சில் விவரிக்கும்போது, வேறு மாகாணத்திலிருந்து வந்த சீன மாணவரே உதவி தேடுவார்.

விளைவு எண்ணில் தெரிந்தது. பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் ஒரு விரிவான அறிவுரையை வெளியிட்டது. அதன்படி 2015 முதல் 2021 வரை, சீனாவில் படித்து வந்து இந்தியாவில் மருத்துவம் பார்ப்பதற்கான தகுதித் தேர்வை எழுதியவர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387 பேர். ஏறத்தாழ 16 விழுக்காடு. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டிய தேர்வு அது. நியாயமாகச் சொன்னால், வேறு பல நாடுகளில் படித்து வருபவர்களின் தேர்ச்சியும் உயர்ந்ததாக இல்லை. பழியைச் சீனாவின் மீது மட்டும் போட முடியாது. ஆனால் ஆறில் ஐந்து பேர் தேறாத ஒரு பாதையை, பாதுகாப்பான பாதை என்று விற்றதற்கு யாரோ பொறுப்பேற்றிருக்க வேண்டும். யாரும் ஏற்கவில்லை.

அதே அறிவுரையில் வேறு சில செய்திகளும் இருந்தன. ஆங்கில வழியில் மருத்துவம் கற்பிக்கச் சீன அரசு அனுமதித்தவை 45 கல்லூரிகள் மட்டுமே. மருத்துவமனைப் பயிற்சிக்குச் சீனம் கட்டாயம், எச்.எஸ்.கே. தேர்வில் 4-ஆம் நிலையை எட்டாதவருக்குப் பட்டம் கிடையாது. எச்.எஸ்.கே. என்பது சீன மொழித் திறனுக்கான அரசுத் தேர்வு. 4-ஆம் நிலைக்குப் பழைய பாடத்திட்டத்தின்படி 1,200 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். எட்டக்கூடிய அளவுதான். நாள்தோறும் கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துவிடலாம்.

இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகள் இந்த நிபந்தனைகளை இன்னும் இறுக்கின. வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்வி நிலையத்தில் 12 மாதப் பயிற்சி. அதோடு, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். சீனாவில் அந்தத் தகுதி என்பது மருத்துவர் உரிமத் தேர்வு. அதை எழுதுவது சீன மொழியில். நீட் தேர்விலும் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2018-லேயே வந்துவிட்டது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், சீனம் கற்காமல் சீனாவில் டாக்டருக்குப் படிக்கலாம் என்ற பேச்சுக்கு இனி இடமே இல்லை.

இந்த விதிகள் வந்த நேரம் கொடுமையானது. 2020 ஜனவரி 23-ஆம் தேதி வூஹான் நகரம் மூடப்பட்டது. ஒரு வாரத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியாகக் கேரளத்தில் அடையாளம் காணப்பட்டவர் வூஹானிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவி. ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டு வந்தன. இலங்கை தன் விமானத்தில் 33 பேரை அழைத்து வந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தியது. மார்ச் 28-ஆம் தேதி சீனா தன் எல்லையை வெளிநாட்டவருக்கு மூடியது. மாணவர் விசா விண்ணப்பங்களை இந்தியாவிலுள்ள சீனத் தூதரகம் மறுபடி ஏற்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 24-ஆம் தேதி. இரண்டரை ஆண்டுகளாகக் கைபேசித் திரையில் அறுவை சிகிச்சை கற்ற பிள்ளைகள், எந்த நாட்டு விதிக்கும் பொருந்தாமல் தவித்தார்கள். அவர்களில் பலர் இழந்த ஆண்டுகள் அவர்களுடைய தவறால் இழந்தவை அல்ல. அந்தக் குடும்பங்களுக்கு நம் சமூகம் போதிய அக்கறை காட்டவில்லை.

மருத்துவத்துக்கு வெளியே நிலைமை வேறு மாதிரி இருக்கிறது. அங்கே நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. பொறியியல், பொருள் அறிவியல், வேளாண்மை, கணினி ஆகிய துறைகளில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வருகிறவர்கள் ஓர் ஆய்வகத்துக்குள் நேராகப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே எல்லோரும் ஒரு குருவின் கீழ் வந்த உடன்பிறப்புகள். மூத்த மாணவரை ஷிஷியோங் என்றும், மூத்த மாணவியை ஷிஜியே என்றும் அழைப்பார்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் ஒரே நாளில் அதற்குப் பழகிவிடுவார்கள். கருவியை எப்படி இயக்குவது, பேராசிரியரிடம் எப்போது போய்ப் பேசலாம், எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவர் அந்த அண்ணனோ அக்காவோதான். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கலாம். வாராந்தரக் கூட்டம் பெரும்பாலும் சீனத்தில் நடக்கும். சீனம் தெரியாதவருக்காகக் கடைசியில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்வார்கள். மீதி ஐம்பது நிமிடத்தில் நடந்த வாதமும் யோசனையும் அவர் காதுக்குப் போய்ச் சேராது. ஆராய்ச்சி கற்பது அந்த ஐம்பது நிமிடத்தில்தான்.

படித்து முடித்த பிறகு வேலைக்கும் விதிகள் உண்டு. சீனாவில் வேலை அனுமதி பெற வழக்கமாக இரண்டு ஆண்டு அனுபவம் தேவை. 2017 முதல், சீனப் பல்கலைக்கழகங்களில் முதுகலையோ அதற்கு மேலோ நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்களுக்கு அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. படிக்கும்போதே பகுதி நேர வேலை செய்ய விரும்பினால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் குடியிருப்பு அனுமதியில் குறிப்பும் வேண்டும். அனுமதி இல்லாமல் ஆங்கிலம் கற்பிக்கப் போய் மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு விடுவார்கள் என்று நினைக்கக் கூடாது, நாட்டைவிட்டே அனுப்பிவிடவும் கூடும்.

சீனம் அவசியம் என்பதற்கு, ஆங்கில வழிப் படிப்பே கூடாது என்பதல்ல பொருள். சிங்ஹுவாவில் 2016-இல் முதல் அணியோடு தொடங்கிய ஸ்வார்ஸ்மன் திட்டம், பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யென்ச்சிங் திட்டம் இரண்டும் ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்புகளே. அவற்றுக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி இருக்கிறது. நல்ல திட்டங்களில் சீன வகுப்பு பாடத்தோடு பின்னப்பட்டிருக்கும். 2018-இல் சீனக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட தர விதிகளும் இதையே கேட்கின்றன: பிற மொழியில் படிப்பவரும் பட்டம் பெறும்போது சீனத்தில் குறைந்தது 3-ஆம் நிலையிலும், சீன வழியில் படிப்பவர் 5-ஆம் நிலையிலும் இருக்க வேண்டும். சீன மொழியும் சீனாவைப் பற்றிய அறிமுகப் பாடமும் எல்லோருக்கும் கட்டாயம்.

சீன அரசின் உதவித்தொகையில் இளங்கலைக்கு வரும் பலர் முதல் ஆண்டு முழுவதும் ஆயத்த வகுப்பில் இருப்பார்கள். தியான்ஜின், ஷான்டோங், தோங்ஜி போன்ற பல்கலைக்கழகங்களில் அது நடக்கிறது. வந்து இறங்கும்போது ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்கள் காலையில் இலக்கணம், மாலையில் கணக்கும் இயற்பியலும் சீனத்தில் எப்படிச் சொல்வது என்று படிப்பார்கள். அந்த ஓர் ஆண்டை வீண் என்று நினைத்து ஆங்கில வழிக்கு ஓடும் மாணவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தாகிறது, உண்மைதான். ஆனால் இரண்டாம் ஆண்டு அவர்கள் உட்காருவது சீன மாணவர்கள் இருக்கும் அதே வகுப்பில்.

சொந்தச் செலவில் போக நினைக்கும் குடும்பங்களுக்கும் இதற்கு ஒரு வழி உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செப்டம்பரிலும், வசந்த விழா முடிந்து பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ மொழி வகுப்புகள் தொடங்குகின்றன. ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்ந்து பார்க்கலாம். வகுப்பு காலையோடு முடியும். பிற்பகல் முழுக்கச் சந்தையிலும் பேருந்திலும் உணவுக்கூடத்திலும் பேசிப் பழகலாம். மருத்துவப் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவையும் சில உண்டு: கல்லூரி ஆங்கில வழியில் கற்பிக்க அனுமதி பெற்ற அந்த 45-இல் ஒன்றா, 12 மாதப் பயிற்சி அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையிலா, எச்.எஸ்.கே. 4-ஐ எந்த ஆண்டுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சீன வகுப்பு, சீனாவின் உரிமத் தேர்வுக்கு அந்தப் பட்டம் தகுதி தருமா. எழுத்தில் பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.